பிச்சாட்டூர்க் கிறிஸ்துமஸ் கேக்

பிச்சாட்டூர் என்னும் ஊரை நேயர்களுள் பலர் பேருந்தின் சன்னல் வழியாகவேனும் கண்டிருப்பீர்கள். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், சுருட்டப்பள்ளியையும் நாகலாபுரத்தையும் கடந்த பின், நாராயணவனத்துக்கு முன்பாக வருவது அவ்வூர். ஆரணியாற்றின் குறுக்கே அங்கே ஓர் அணை உண்டு. கார்த்திகை மழையில் நீர்த்தேக்கம் நிரம்பினால், திறந்துவிடும் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் புகுந்து ஊத்துக்கோட்டையையும் பெரியபாளையத்தையும் பொன்னேரியையும் கடந்து பழவேற்காட்டு ஏரியை நோக்கிச் செல்லும். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பெற்றபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. பிச்சாட்டூர் ஆந்திரத்தில் நின்றது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்து ஊராக இருந்து, 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்து ஊராக இருக்கிறது. வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள் அங்கே மிகுதி. நாமும் அவர்களுள் ஒருவர்.

அவ்வூரை விட்டுத் தில்லிக்கு வந்து, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த செல்வங்களுள் ஒன்று கிறிஸ்துமஸ் கேக் செய்யும் முறை என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். மதுவில் ஊறிய பழங்களைக் கொண்டு வீட்டிலேயே சுடும் கேக்கைத்தான் சொல்கிறோம். அதனை எவ்வாறு கற்றோம், எவ்வாறு செய்கிறோம், அண்டை அயலாருக்குக் கொடுக்கும்போது எதனை மறவாமல் இருக்கிறோம் என்பவற்றை இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு குறிப்பில் வந்த ‘பிளம் கேக்’ என்னும் தொடரைப் ‘பிளம் பழக் கேக்’ என்று மொழிபெயர்த்துவிட்டோம். மேலதிகாரி எம்மை அழைத்து, “இதில் பிளம் பழம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். நாம் விழித்தோம். பின்னர் அகராதிகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பழைய ஆங்கிலத்தில் ‘பிளம்’ என்ற சொல் உலர்ந்த திராட்சைக்கும் வழங்கியிருக்கிறது. பொருள் வழக்கொழிந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. கேக்குக்கு ‘அணிச்சல்’ என்று தமிழ்ச்சொல் கண்டோரும் உண்டு. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்த சொல் கேக் என்பதே. இவ்வுரையிலும் அதனையே ஆளுகிறோம்.

பெயரை மொழிபெயர்ப்பதில் நாம் தடுமாறினோம். பண்டத்தை மொழிபெயர்த்தவர்களோ திறமைசாலிகள். தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்று வந்து ஒரு சூளை நடத்தி வந்தார். 1883ஆம் ஆண்டில் மர்டாக் பிரவுன் என்னும் தோட்டத்துரை சீமைக் கேக் ஒன்றை அவரிடம் கொடுத்து, அதுபோல் ஒன்று செய்யச் சொன்னார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. துரை சொன்ன பிராந்திக்கு மாறாக, முந்திரிப் பழத்தாலும் கதலிப் பழத்தாலும் ஆன உள்ளூர் மதுவைப் பாபு சேர்த்தாராம். துரை சுவைத்து மகிழ்ந்து மேலும் பல கேக்குகளுக்குச் சொல்லிவிட்டார் என்கிறார்கள். இந்திய நாட்டில் இந்தியர் கையால் எழுந்த முதற் கிறிஸ்துமஸ் கேக் என்று தலைச்சேரியார் இதனைக் கொண்டாடுகின்றனர்.

இவ்வாறே ஒவ்வோர் ஊரும் இந்தக் கேக்கைத் தன்னதாக்கிக்கொண்டது. கல்கத்தாவில் பாக்தாத் யூதர் குடும்பத்தார் 1902ஆம் ஆண்டில் தொடங்கிய நாகூம் கடைக்கு, டிசம்பர் மாதத்தில் எல்லாச் சமயத்தாரும் வரிசையில் நிற்கின்றனர். அலகாபாத்தில் வெண்ணெய்க்குப் பதில் நெய்யும், பூசணியில் செய்யும் பேட்டாவும், சோம்பும் சுக்கும் சேர்ப்பர். இலங்கையில் மைதாவை விடுத்து ரவையில் செய்வர். முந்திரிப் பருப்பை அள்ளிப் போடுவர். பூசணிப் பாகும் பன்னீரும் பிராந்தியும் அதில் கூடும். ஆகவே, ‘அசல் முறை இதுவே’ என்று எவரேனும் சாதித்தால் நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருந்தார். வேலூரில் செவிலியர் பயிற்சி பெற்று, அரசு சுகாதார நிலையத்தில் பணி புரிந்தவர். தெருவார் அனைவருக்கும் அவர் ‘நர்சம்மா’. நம் அன்னையாருக்கு அவர் உற்ற தோழி. பொங்கலுக்கு நம் வீட்டுப் பானை அவர் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமசுக்கு அவர் வீட்டுக் கேக் நம் வீட்டுக்கு வரும். கேக் சுடும் நாளில் நாம் அங்கேயே பழியாய்க் கிடப்போம்.

அவர் வீட்டில் மின்னடுப்பு இல்லை. ஆரணியாற்று மணலைச் சலித்துக் கழுவி வெயிலில் உலர்த்தி வைத்திருப்பார். கனத்த அலுமினியப் பானையில் நான்கு விரற்கடை மணலைப் பரப்பி அடுப்பிலேற்றி, மணல் நன்றாகச் சூடேறியதும் கேக் தட்டை அதன்மேல் வைப்பார். பானையை மூடி, மூடியின்மேல் கரித் தணலைப் பரப்புவார். கீழே தணிந்த தீ, மேலே தணல். ஒரு மணி நேரம் கழிந்ததும், தென்னை ஈர்க்கு ஒன்றைக் கேக்கின் நடுவே குத்தி எடுத்துப் பார்ப்பார். ஈர்க்கில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று பொருள்.

எதிர்வீட்டில் ஓர் அம்மையார் இருந்தார்; நமக்கு உறவில்லையெனினும் ‘அத்தை’ என்றே அழைப்போம். அவருடைய கணவர் சாராயத்தால் ஈரல் கெட்டு, இளவயதிலேயே மாண்டார். அவரைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்டவர் நர்சம்மாவே. அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்கு, துக்க வீடு என்று விட்டுவிடாமல், நர்சம்மா ஒரு தட்டில் கேக் துண்டங்களை வைத்து நம் கையில் கொடுத்து அனுப்பினார். அத்தை தட்டை வாங்கினார். மூடியிருந்த துணியை விலக்கினார். வாசனை எழுந்தது. ஒன்றும் பேசாமல் மறுபடியும் துணியால் மூடி, தட்டை நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போது நமக்குப் பத்து வயது. அதன் காரணம் நமக்கு விளங்கவில்லை. தட்டைத் திரும்பக் கண்ட நர்சம்மாவுக்கு விளங்கிற்று. “எனக்கு அல்லவா தோன்றியிருக்க வேண்டும்!” என்று சொல்லி அவர் திண்ணையில் அமர்ந்துவிட்டது இன்றும் கண்முன் நிற்கிறது.

மதுவிலக்கு என்பது சித்தூர் மாவட்டத்துக்குப் புதிதன்று. இராஜாஜி 1937ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சித்தூருக்கும் கடப்பைக்கும் அது விரிந்தது. பின்னர்க் காலம் மாறிற்று, கடைகள் திறந்தன. 1992ஆம் ஆண்டில், அண்டை மாவட்டமான நெல்லூரில் துபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தனர். எழுத்தறிவு வகுப்புகளில் மூண்ட அப்பொறி மாநிலமெங்கும் பரவிற்று. 1993ஆம் ஆண்டில் சாராயம் தடை செய்யப்பெற்றது. 1995ஆம் ஆண்டு சனவரியில், என். டி. இராமராவ் ஆட்சியில், முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1997ஆம் ஆண்டில் அது தளர்த்தப்பெற்றது.

அந்த 1995ஆம் ஆண்டு டிசம்பரில் கேக்குக்குப் பிராந்தி இல்லை. ஊத்துக்கோட்டையிலோ கடை திறந்திருந்தது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. நம் மாமன் ஒருவர், “ஒரு கால் புட்டி மடியில் கட்டிக்கொண்டு பேருந்தில் வந்துவிடுகிறேன், அம்மா, எவருக்குத் தெரியும்?” என்றார். நர்சம்மா, “பண்டிகைக்குப் பலகாரம் செய்யத் திருட்டுச் சரக்கா, தம்பி? வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். நான்கு ஆரஞ்சுப் பழங்களைப் பிழிந்து, அச்சாற்றோடு கெட்டியான தேயிலை வடிநீர் கலந்து, அதில் பழங்களை வேகவைத்து ஆறவிட்டார். மாமிடி தாண்ட்ரா எனத் தெலுங்கில் வழங்கும் மாம்பழத் தகட்டைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தார். சர்க்கரையில் பாதிக்குச் சித்தூர் வெல்லத்தைத் தூளாக்கிப் போட்டார். கேக் வெந்து ஆறியதும் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். “இதில் மது இல்லை, நான் செய்தது, எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார். அத்தை ஒரு துண்டத்தை எடுத்து முகர்ந்தார். பிறகு பாதியாகப் பிட்டு ஒன்றைத் தம் மகனுக்குக் கொடுத்து, மற்றதைத் தாம் உண்டார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தத் தட்டு, நிறைய முறுக்கோடு நர்சம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தது.

மதுவிலக்கு தளர்ந்த பின் நர்சம்மா இரண்டு கேக்குகள் சுடலானார். பிராந்தியில் ஊறியதற்குச் சிவப்பு நூல். பழச்சாற்றில் வெந்ததற்கு வெள்ளை நூல். எவருக்கு எது என்பதை அவர் ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. நம் தில்லிக் குடியிருப்பிலும் இன்றளவும் அந்த இரு நூல்களையே கட்டி வருகிறோம்.

இனிச் செய்முறை. சிவப்பு நூல் கேக்கை முதலில் சொல்லுவோம். கறுப்பு உலர் திராட்சை 200 கிராம், பொன்னிறக் கிஸ்மிஸ் 100 கிராம், கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சை 100 கிராம், பப்பாளிக் காயில் செய்யும் டூட்டி ஃப்ரூட்டி 50 கிராம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 50 கிராம். ஆகப் பழம் அரைக் கிலோ. திராட்சைகளைக் கழுவினால் துணியில் பரப்பி ஈரம் அறவே போகும்படி உலர்த்துதல் வேண்டும். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். பழங்களை உலர்ந்த கண்ணாடிச் சாடியிலோ பீங்கான் சாடியிலோ இட்டு, 150 மில்லி ரம் அல்லது பிராந்தியை ஊற்றி, இறுக மூடி, நிழலில் வைக்க வேண்டும். கால் புட்டி என்பது 180 மில்லி. மிச்சம் 30 மில்லி பிறகு உதவும். மூன்று நாளைக்கு ஒருமுறை சாடியைக் குலுக்கிவிடுங்கள். நவம்பர் தொடக்கத்தில் ஊறவைத்தால் டிசம்பர் 10ஆம் நாளளவில் பழம் மதுவை முற்றும் உறிஞ்சிப் பருத்துப் பளபளக்கும். காலம் தாழ்ந்தோர் மூன்று நாளாவது ஊறவிட வேண்டும்.

சுடும் நாளில் முதல் வேலை பாகு காய்ச்சுவது. கனத்த வாணலியில் 75 கிராம் சர்க்கரையைத் தண்ணீரின்றி இட்டுத் தணிந்த தீயில் வையுங்கள். அது உருகிப் பொன்னிறமாகி, பின் கருஞ்சிவப்பாகும். புகை கிளம்பத் தொடங்கியதும் தீயை அணைத்து, கொதிநீர் 75 மில்லியைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அப்போது பாகு சீறித் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கேக்குக்குக் கருமை தருவது இப்பாகே. ஒரு கணம் தாமதித்தால் கைப்பு ஏறிவிடும். முந்தினால் நிறம் வாராது. இதனை ஆற வையுங்கள்.

வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம்; இவ்விரண்டையும் வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும்வரை குழைக்க வேண்டும். சென்னைக் கோடையில் வெண்ணெய் உருகி ஓடும். தில்லி டிசம்பரிலோ கல்லாய்க் கிடக்கும். வட மாநிலங்களில் உள்ளோர் வெண்ணெயையும் முட்டையையும் முதல் நாள் இரவே வெளியில் எடுத்து வைத்து, காலை வெயிலில் சிறிது நேரம் காட்டுவது நலம். குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துபோகும். முட்டை நான்கு, ஒவ்வொன்றாக அடித்துச் சேருங்கள். அப்போதும் திரிந்தால் ஒரு கரண்டி மாவைத் தூவிக் கலக்குங்கள், சரியாகிவிடும். பிறகு ஆறிய பாகைச் சேருங்கள்.

மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி. பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்கு ஆகியவற்றைப் பொடித்துக் கலந்தது ஒரு தேக்கரண்டி. இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு கரண்டி மாவை எடுத்து, ஊறிய பழத்தின் மேலும் நறுக்கிய முந்திரிப் பருப்பு 100 கிராமின் மேலும் தூவிப் பிசறுங்கள். மாவு பூசிய பழம் எளிதில் அடியில் தங்காது. எஞ்சிய மாவைக் கலவையில் மெல்ல மடித்துச் சேர்த்து, இறுதியில் பழத்தைச் சேருங்கள். மாவு சேர்ந்த பின் ஓங்கி அடித்தல் ஆகாது, கேக் இறுகிவிடும்.

அடியிலும் ஓரத்திலும் வெண்ணெய்க் காகிதத்தை இரட்டையாக இட்ட ஆறங்குலத் தட்டுகள் இரண்டில் இக்கலவையைப் பகிர்ந்து ஊற்றுங்கள். மின்னடுப்பு உடையோர் 150 பாகை செல்சியசில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை சுட வேண்டும். மின்னடுப்பு இல்லாதார் கவலற்க. பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தையும் எடைக்கட்டியையும் நீக்கிவிட்டு, அடியில் மணலோ கல்லுப்போ பரப்பி, தண்ணீர் ஊற்றாமல், பத்து நிமிடம் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து மிகத் தணிந்த தீயில் சுடலாம். ஒரு நேரத்தில் ஒரு தட்டு. ஒரு மணி கழிந்த பின் ஈர்க்கால் குத்திப் பாருங்கள்.

வெந்த கேக் முற்றும் ஆறிய பின், மேலே ஊசியால் துளையிட்டு, மிச்சம் வைத்த 30 மில்லியில் பாதியைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காகிதத்தில் சுற்றி, தகர டப்பாவில் வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபாதியை விடுங்கள். இரண்டு வாரம் இருந்தால் வாசனைகள் ஒன்றோடொன்று கூடிச் சுவை முதிரும். பழத்தின் சர்க்கரையும் மதுவும் சேர்ந்து பூசணத்தைத் தடுப்பதால் கேக் நெடுநாள் கெடாது.

வெள்ளை நூல் கேக்குக்கு அதே அரைக் கிலோ பழத்தை 150 மில்லி ஆரஞ்சுச் சாறும் 50 மில்லி கெட்டித் தேயிலை வடிநீரும் சேர்த்து, நீர் வற்றும்வரை தணிந்த தீயில் வேகவிட்டு, ஆறியதும் அன்றே சுடுங்கள். மற்றவை யாவும் ஒன்றே. ஆனால் இதனை வாரக்கணக்கில் வைத்தல் கூடாது; பெட்டியில் குளிரவைத்து ஒரு வாரத்துள் உண்டுவிட வேண்டும். ஆகையால் இதனைப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னரே சுடுகிறோம். மணிநகர்த் தமிழர்களுக்கு வெள்ளை நூல் முறையே உரியது. குஜராத்தில் 1960ஆம் ஆண்டில் அம்மாநிலம் தோன்றிய நாள் முதலே மதுவிலக்கு உண்டு. பிகாரில் 2016ஆம் ஆண்டு முதல் உண்டு. அங்குள்ளோரும் நர்சம்மாவின் சொல்லை நினைவிற்கொள்க.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் போக்க வேண்டும். “அடுப்பில் வைத்தால் மது ஆவியாய்ப் போய்விடும், பிறகென்ன?” என்பார்கள். தூய மது 78 பாகையில் கொதிப்பது உண்மையே. ஆயினும் நீரோடும் மாவோடும் கலந்த பின் அது முழுவதும் நீங்குவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, உணவில் கலந்து ஒரு மணி நேரம் சுட்ட பின் ஏறக்குறைய கால் பங்கு எஞ்சும். இரண்டரை மணி நேரம் கழிந்தும் இருபதில் ஒரு பங்கு எஞ்சும். சுட்ட பின் சொட்டுவிடுகிறோமே, அது அடுப்பையே காண்பதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கும் கருவுற்ற மகளிர்க்கும் வெள்ளை நூல் கேக்கையே கொடுங்கள். சமய நெறியால் மதுவை விலக்கியோர் உண்டு. குடியை விட்டு மீண்டு வருவோர் உண்டு. அவர்களுள் டைசல்ஃபிரம் என்னும் மாத்திரை உட்கொள்வோருக்குச் சிறிதளவு மதுவும் தீங்கு செய்யும். எவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று நாம் அறிய இயலாது. அதைக் கேட்டறிதலும் நாகரிகமன்று. நம் கையில் உள்ளதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுதல் நம்மால் இயலும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது இன்னும் வேண்டுவதாகிறது. மாடி வீட்டார் பஞ்சாபியர், பக்கத்து வீட்டார் வங்காளியர், கீழ் வீட்டார் இராஜஸ்தானத்தார் என்று கலந்து வாழ்கிறோம். சிலர் முட்டையும் உண்ணார். கதவைத் தட்டித் தட்டை நீட்டும்போதே, இதில் முட்டை உண்டு, இதில் மது உண்டு அல்லது இல்லை என்று அவர்கள் மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டோம். வேண்டாம் என்று சொல்வார்க்கு முறுக்கோ அதிரசமோ கொடுக்கிறோம். அதனால் மனத்தாங்கல் எதுவும் நேர்ந்ததில்லை; சொல்லாமல் கொடுத்திருந்தால் நேர்ந்திருக்கும்.

நர்சம்மா இன்று இல்லை. அத்தை பிச்சாட்டூரில் மகன் வீட்டில் இருக்கிறார்; பார்வை மங்கிவிட்டது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒரு கேக் கொண்டுபோனோம். தட்டைக் கையில் கொடுத்ததும் விரலால் நூலைத் தடவி, “இது எந்த நூல், அப்பா?” என்று கேட்டார். வெள்ளை என்றோம். “அப்படியானால் ஒரு துண்டம் வெட்டு” என்றார்.

நேயர்களே, பழங்களை ஊறவைக்கும் பருவம் வரும்போது, ஒரு சாடிக்கு மட்டுமன்றி இரண்டு கேக்குக்கும் சேர்த்துப் பழம் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே சிவப்பு நூற்கண்டு ஒன்றும் வெள்ளை நூற்கண்டு ஒன்றும் வாங்குங்கள்.